தாத்தாவின் கால் பெட்டிக்கு என்ன மதிப்பு எழுதுவது?

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் முதலில் மேலே ஏறியது ஃப்ரிட்ஜ். அப்புறம் டி.வி., அரிசி மூட்டை, பிள்ளைகளின் புத்தகப் பை, கேஸ் சிலிண்டர். கிருஷ்ணா நகர் பக்கம் இருப்பவர்களுக்கு மழைத்தண்ணீர் புதிதில்லை, ஆனால் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கும் என்று யார் நினைத்தார்கள். விடிந்து பார்த்தால் கூடத்தில் முழங்கால் வரைக்கும் தண்ணீர். மாடிப்படிக்குக் கீழே பழைய வேட்டி போர்த்தி நிறுத்தியிருந்த கால் பெட்டி, கால் மடங்கி ஒருபக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அம்மாதான் முதலில் பார்த்தார். "உங்கப்பா பெட்டிடா" என்றார். அதற்கு மேல் அன்றைக்கு முழுக்க அவர் பேசவில்லை.

பெட்டி என்றால் ஆர்மோனியம். நாடகத்திலும் கூத்திலும் பழகியவர்கள் யாரும் ஆர்மோனியம் என்று நீட்டிச் சொல்ல மாட்டார்கள், பெட்டிதான். ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிப்பது கைப் பெட்டி, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கால் பெட்டிக்கு மடக்குகிற கால்கள் இருக்கும், கீழே மிதிகட்டைகள் இருக்கும், தையல் மிஷின் மாதிரி மிதித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாசிக்கலாம். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கவேண்டும் என்றால் மேடைக்கு இதுதான் வேண்டும். தாத்தா இதை வாங்கி வில்லியனூர், பாகூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று ஊர் ஊராக நாடகங்களுக்கு வாசித்தார், அவருக்கு அப்புறம் அப்பா. தமிழ் நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானது இந்தப் புதுச்சேரியில்தான், கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. வருஷா வருஷம் அங்கே போய் ஒரு பாட்டாவது வாசித்துவிட்டு வருவதை அப்பா 2019இல் இறக்கிற வரைக்கும் விடவில்லை. அப்படிப்பட்ட பெட்டிக்கு ஒரு மதிப்பு எழுதி வைக்கவேண்டும் என்று எங்கள் மூன்று தலைமுறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக் கடன் வாங்கியபோது கூடவே எடுத்த வீட்டுக் காப்பீடு எங்களிடம் இருந்தது. பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசி, 2021 ஏப்ரலில் இருந்து வீட்டுக்காக எல்லா நிறுவனங்களும் கொடுப்பது. புயல், வெள்ளம் எல்லாம் அதில் அடக்கம். கட்டடத்துக்கு எவ்வளவு போட்டிருக்கிறோமோ அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும், வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். எங்களுக்குக் கட்டடம் 25 லட்சம், ஆகவே பொருட்களுக்கு 5 லட்சம். நான் அதை மட்டும் படித்துவிட்டுத் தைரியமாக இருந்தேன்.

ஒன்பதாம் நாள், சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்தார். நல்ல மனிதர், ஈரச் சுவரையெல்லாம் பொறுமையாகப் படம் எடுத்தார். பெட்டியைப் பார்த்து, "இது எவ்வளவு சார் வரும்?" என்று கேட்டார். ரெண்டு லட்சம் வரும் என்றேன். "எதை வச்சுச் சொல்றீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தாத்தா காலத்துப் பெட்டி, பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாரிஸிலிருந்து வந்தது, அப்பா இதில்தான் வாசித்தார் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எனக்கு விளக்கினார், அதை இன்றைக்கும் மறக்கவில்லை. பழமையான பொருள், கலைப் பொருள் என்று சொல்லி அதற்கான மதிப்பைக் கேட்டால் அது பாலிசியில் விலையுயர்ந்த பொருட்கள் என்ற பிரிவுக்குப் போய்விடும், நகை, வெள்ளி, ஓவியம் எல்லாம் இருக்கிற பிரிவு, அதைத் தனியாகக் கேட்டு எடுத்திருக்கவேண்டும், நீங்கள் எடுக்கவில்லை. சாதாரண வீட்டுச் சாமான் என்று கேட்டால் பழுதுபார்க்க ஆகும் செலவைத் தரலாம், ஆனால் அதற்கு மேல் அதன் வயசுக்கோ பெருமைக்கோ ஒரு ரூபாய்கூடச் சேர்க்க முடியாது. இரண்டில் எது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

சாமான் என்றே எழுதச் சொன்னேன். 21,500 ரூபாய் வந்தது. பழுதுபார்க்க அதைவிடக் கொஞ்சம் கூட ஆனது, அது பெரிய விஷயமில்லை. "எதை வச்சுச் சொல்றீங்க" என்ற அந்தக் கேள்விதான் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. அவர் கேட்டது நியாயம். என் வீட்டில் இருக்கிற பொருளை எனக்கே விவரிக்கத் தெரியவில்லை.

பழுதுபார்த்தவர் கடலூர் முதுநகர் பக்கம் இருக்கிறார், எழுபது வயசு தாண்டியவர், அப்பாவைத் தெரிந்தவர். போன் செய்தவுடன் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, மிதிச்சுப் பாக்காதீங்க." ஈரத் துருத்தியை மிதித்தால் தோல் மடிப்பு கிழியும், சேறு காற்றோடு சேர்ந்து, உள்ளே சத்தம் எழுப்புகிற பித்தளை ரீடுக்குள் ஏறும். வெயிலில் வைக்காதீர்கள், பழைய பெட்டிகளை வச்சிரப் பசை போட்டுத்தான் ஒட்டியிருப்பார்கள், தண்ணீரில் ஊறி இளகின வச்சிரம் வெயில் பட்டதும் பலகையை வளைத்துக்கொண்டு காயும். நிழலில், மின்விசிறிக் காற்றில் பத்து நாள் கிடக்கட்டும் என்றார். இன்னொன்று, எங்கள் அம்மா பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்ப்பவர், கிண்ணத்தில் புளியைக் கரைத்தே வைத்துவிட்டார். நல்லவேளையாக நான் போனில் அதைச் சொன்னேன். அவர் பதறிவிட்டார். ரீடின் நாக்கு காகிதம் மாதிரி மெல்லியது, அதைத் தேய்த்தால் பளபளப்பு வரும், சுருதி போய்விடும். இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், சேறோடு அழுக்கோடு இருக்கிறபடியே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உடைந்த துண்டு எதையும் சர்வேயர் பார்க்கிற வரைக்கும் தூக்கிப் போடாதீர்கள், இது நான் சேர்த்துக்கொள்வது.

அவர் பெட்டியைத் திறந்த நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேல் பலகையை எடுத்தார், விரலால் அழுத்துகிற கட்டைகளை வரிசையாகக் கழற்றித் துணியில் பரப்பினார், 42 கட்டை, அதாவது மூன்றரை ஸ்தாயி. ஒரு வெள்ளைக் கட்டையைத் திருப்பிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அடியில் பென்சிலால் சின்னதாக ௧ என்று எழுதியிருந்தது. அடுத்ததில் ௨, அடுத்ததில் ௩. எல்லாக் கட்டையிலும் தமிழ் எண். "பாரிஸ்காரன் தமிழ்ல எழுதுவானா தம்பி?" என்றார்.

பெட்டி பாரிஸில் செய்ததில்லை. நம் பக்கத்துத் தச்சர் யாரோ தேக்கில் செய்தது. மூன்று தலைமுறையாக நாங்கள் சொல்லிக்கொண்டு வந்த கதை அந்த ஒரு பென்சில் கோட்டில் முடிந்துபோனது. எனக்கு முகம் வாடியதைப் பார்த்துத்தான் அவர் அடுத்ததாக ரீடு பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு ரீடு, மொத்தம் 84. ஒவ்வொன்றும் ஒரு பித்தளைச் சட்டம், அதன் நடுவில் நீளமாக ஒரு வெட்டு, அந்த வெட்டுக்கு மேல் ஒரு பக்கம் ஆணி அடித்த பித்தளை நாக்கு. காற்று போகும்போது அந்த நாக்கு துடிக்கிறது, அதுதான் சத்தம். சட்டத்தின் தடிமன், ஆணி தைத்திருக்கும் நேர்த்தி, சுரத்துக்கு எழுத்து குத்தியிருக்கும் விதம், இதையெல்லாம் பார்த்து "இது பாரிஸ் ரீடுதான், சந்தேகமே இல்ல" என்றார். ஒரு ரீடை மட்டும் கழற்றி, ஈரம் போகத் துடைத்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஊதினார். கனமான, கொஞ்சம் கரகரப்பான, அறை முழுக்க நிற்கிற சத்தம். அப்பா ராத்திரி வேளையில் ஒற்றைக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாரே, அந்தச் சத்தம்.

நம் ஊர்களுக்கு ஆர்மோனியம் வந்த வழியைத் தெரிந்துகொண்டால் இது ஆச்சரியமாக இருக்காது. 1840களில் பாரிஸில் உருவான கருவி இது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் கடை தொடங்கி அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கிற கைப் பெட்டியாக மாற்றினார். பெட்டியை இங்கே செய்தாலும் ரீடு பல காலம் வெளிநாட்டிலிருந்து வந்தது, பாரிஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும். அப்புறம் குஜராத்தில் பாலிதானாவில் ரீடு செய்யத் தொடங்கினார்கள். ஆகவே பழைய பெட்டியின் விலையில் பெரும்பங்கு அந்த ரீடு பலகையில் இருக்கிறது. மரத்தைத் திரும்பச் செய்யலாம், துருத்திக்குத் தோல் போடலாம், அந்த ரீடு கிடைப்பதுதான் கஷ்டம். எங்கள் குடும்பக் கதை பாதி பொய், பாதி நிஜம், நிஜமான பாதிதான் விலையுள்ள பாதி. உங்கள் வீட்டில் பழைய வயலின் இருக்கலாம், வீணை இருக்கலாம், வெளியே ஒட்டியிருக்கிற பெயரையும் வீட்டில் சொல்கிற கதையையும் நம்பி மதிப்பு போட்டுவிடாதீர்கள், உள்ளே பார்க்கத் தெரிந்தவரை வைத்துத் திறந்து பாருங்கள். இத்தாலிய மேதையின் பெயர் அச்சடித்த சீட்டு உள்ளே ஒட்டிய வயலின்கள் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. வீணையில் குடம், தண்டி, யாளி எல்லாம் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்டமா, ஒட்டு வீணையா என்பது விலையைப் பெரிதாக மாற்றும். தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம் நம் பண்ருட்டியிலிருந்துதான் போகிறது.

அவர் 84 ரீடையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், எனக்கு ஒரு முழு மதியம் போனது. சுருதி ஏற்றவேண்டும் என்றால் நாக்கின் நுனியில் சுரண்டுவார்கள், இறக்கவேண்டும் என்றால் அடியில். ஒவ்வொரு முறை சுருதி சேர்க்கும்போதும் கொஞ்சம் பித்தளை போகிறது, அறுபது எழுபது வருஷத்தில் நிறைய முறை சுரண்டியிருந்தால் நாக்கு மெலிந்து, அடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, சுருதி இறங்கிக்கொண்டே போகும். எங்கள் பெட்டியில் 79 ரீடு பழையவை, நல்ல நிலையில் இருந்தன, ஐந்து எப்போதோ மாற்றியவை. வெள்ளம் ரீடை அதிகம் கெடுக்கவில்லை, துருத்தித் தோலையும் பலகைகளை ஒட்டியிருந்த பசையையும்தான் கெடுத்தது.

வெள்ளைக் கட்டை மேலே ஒட்டியிருக்கிற தகடு யானைத் தந்தமா என்று ஒரு கேள்வி வந்தது, அதில் எனக்குப் பயம். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் கொண்டுவந்த திருத்தத்துக்கு அப்புறம் இந்திய யானைத் தந்தத்தை விற்கவும் வாங்கவும் முடியாது, பழைய பொருளாக இருந்தாலும்தான். அப்படி ஒரு பொருளுக்குச் சந்தை விலை என்று எதையும் எழுத முடியாது, வைத்திருப்பதற்கே சான்று வேண்டும். தந்தத்தில் மெல்லிய இயற்கையான கோடுகள் ஒழுங்கில்லாமல் ஓடும், கட்டையின் தலையும் வாலும் பெரும்பாலும் இரண்டு துண்டாக ஒட்டியிருக்கும். எங்களுடையது ஒரே துண்டு, கோடே இல்லை, செல்லுலாய்டு என்கிற பழைய காலத்துப் பிளாஸ்டிக். ஊசியைச் சுட வைத்துக் குத்திப் பார் என்று ஒருவர் யோசனை சொன்னார், தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், செல்லுலாய்டு பக்கென்று தீப்பிடிக்கும்.

சரி, பொருள் என்ன என்று தெரிந்துவிட்டது, விலைக்கு வருகிறேன். இங்கேதான் நான் அதிகம் தடுமாறினேன்.

பழைய இசைக்கருவிகள் வாங்கி விற்கிற ஒருவருக்குப் படம் அனுப்பினேன். விற்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு 12,000 தருகிறேன் என்றார். இரண்டு வாரம் கழித்து என் மைத்துனர் அதே மாதிரிப் பெட்டி ஒன்று வேண்டும் என்று அவரிடமே கேட்டபோது 70,000 ஆகும், அதுவும் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவர் தொழில் அது, வாங்கி, பழுது பார்த்து, வாங்க ஆள் வருகிற வரைக்கும் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார். ஆனால் இந்த இரண்டு விலையும் இரண்டு வெவ்வேறு கேள்விக்குப் பதில் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் விற்றால் என் கைக்கு என்ன வரும் என்பது ஒரு கேள்வி. நாளைக்கு இது போய்விட்டால் இதே தரத்தில் இன்னொன்றை என் வீட்டுக்குள் கொண்டுவந்து, சுருதி சேர்த்து, வாசிக்கிற நிலையில் நிறுத்த எவ்வளவு ஆகும் என்பது இன்னொரு கேள்வி. காப்பீட்டுக்கு நமக்கு வேண்டியது இரண்டாவது. மதிப்பு போட்டுத் தருகிறவரிடம் இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் அவர் பழக்கத்தில் முதல் விலையை எழுதிக் கொடுத்துவிடுவார், நாமும் குறைந்த பிரீமியத்தில் சந்தோஷமாக இருப்போம், வெள்ளம் வந்த பிறகு தெரியும். அதேபோல, உங்கள் கருவியை வாங்க ஆசைப்படுகிறவரிடம் மதிப்புக் கடிதம் வாங்காதீர்கள்.

சித்தப்பா மகன் பாரிஸில் இருக்கிறான். புதுச்சேரியில் பல வீடுகளில் அப்படி ஒருவர் இருப்பார். அங்கே என்ன விலை போகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன், பெரிய தொகை சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "அண்ணே, இங்க கால் ஆர்மோனியத்தை யாரும் சீண்டுறதில்ல, வீட்டுல இடத்தை அடைக்குதுன்னு சும்மாவே குடுக்குறாங்க, வந்து தூக்கிட்டுப் போனா போதும்" என்றான். கருவி பிறந்த ஊரிலேயே விலை இல்லை. இங்கே அதன் ரீடுக்குத் தவம் கிடக்கிறார்கள். அங்கிருந்து ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்தால் கருவிக்கு ஒன்றுமில்லை, சரக்குக் கட்டணமும் சுங்கமும்தான் செலவு, அதுவும் நம் நாடகப் பெட்டி மாதிரி மடக்கித் தூக்குகிற அமைப்பு இல்லை. இணையத்தில் வெளிநாட்டு விலையைப் பார்த்து, அது கூடவோ குறைவோ, அப்படியே எழுதுவதில் அர்த்தமில்லை என்று புரிந்தது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிற எண்ணம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும், 100 வருஷத்துக்கு மேல் பழமையான கலைப்பொருள் 1972இன் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும், அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது.

ஆர்மோனியத்துக்கு நம் ஊரில் மரியாதை குறைந்ததற்கு ஒரு வரலாறும் இருக்கிறது, 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது, 1971 வரைக்கும் தடை நீடித்தது. கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைத்து இழுப்பது, பேசாத கருவி என்றார்கள். அப்பாவுக்கு அதில் தீராத வருத்தம் உண்டு. பெட்டிக்கு என்ன பெரிய விலை என்று இன்றைக்கும் ஒருவர் கேட்கும்போது அந்த முப்பது வருஷத்து அலட்சியம் பேசுகிறது என்றே எனக்குத் தோன்றும்.

கடைசியில் மூன்று இடத்தில் எழுத்தில் விலை வாங்கினேன். மேலே சொன்ன வியாபாரியின் 70,000. சென்னையில் பெட்டி செய்கிறவர் ஒருவர், தேக்கில் புதுக் கால் பெட்டி, ஜெர்மன் ரீடு போட்டு 85,000, வண்டி வாடகை தனி என்று எழுதிக் கொடுத்தார். முதுநகர்க்காரர், பழைய பாரிஸ் ரீடு தேடிப் பிடித்துக் கட்டினால் 90,000 வரைக்கும் ஆகும், ஒரு வருஷம் ஆகலாம் என்றார். இவை 2025இல் எனக்குக் கிடைத்த விலைகள், உங்கள் பெட்டிக்கு இதை எடுத்துப் போட்டுவிடாதீர்கள், ரீடும் கட்டையும் மாறினால் எல்லாமே மாறும்.

முதுநகர்க்காரர் வாழ்நாளில் மதிப்புக் கடிதம் என்று ஒன்று எழுதியதில்லை. நான் சொல்லச் சொல்ல, அவர் திருத்தத் திருத்த, அவருடைய பில் புத்தகத்திலேயே இரண்டு பக்கம் எழுதினோம். எத்தனை வருஷமாக இந்தத் தொழில் செய்கிறார், கருவியை எந்தத் தேதியில் நேரில் திறந்து பார்த்தார், நீள அகல உயரம், மரம், கட்டை எத்தனை, ரீடு எத்தனை, அதில் பழையது எத்தனை மாற்றியது எத்தனை, துருத்தித் தோல் எப்போது புதிதாகப் போட்டது. குறைகளையும் எழுதச் சொன்னேன், இடது பக்கப் பலகையில் ஒரு பழைய விரிசல், காற்றைத் திறந்து அடைக்கிற ஒரு ஸ்டாப்பர் குமிழ் வேறு நிறம், வெள்ளத்தில் நனைந்து பழுதுபார்த்தது. குறையை எழுதினால் மதிப்பு இறங்குமே என்று அவரே தயங்கினார். இறங்கட்டும் என்றேன், நாளைக்கு ஒரு சர்வேயர் வந்து பார்க்கும்போது கடிதத்தில் இருப்பதும் கண்ணில் தெரிவதும் ஒன்றாக இருந்தால்தான் மற்ற வரிகளையும் அவர் நம்புவார். கடைசியில் ஒரு வரி: இது விற்பனை விலை இல்லை, இதே தரத்துக் கருவியைத் திரும்பப் பெற ஆகும் செலவு, இன்ன மூன்று விலைகளை வைத்துக் கணக்கிட்டது. கீழே கையெழுத்து, தேதி. அவர் உழைப்புக்குப் பணம் கொடுத்து ரசீது வாங்கினேன். கட்டணத்தை ஒரே தொகையாகப் பேசுங்கள், மதிப்பில் இத்தனை சதவீதம் என்று பேசினால் மதிப்பை ஏற்றத்தான் கை போகும்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு படம் கிடைத்தது. தாத்தா மேடை ஓரத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார், பின்னால் மையில் 1958 என்று எழுதியிருக்கிறது. படத்தில் பெட்டியின் மூலையில் பித்தளைத் தகடு தெரிகிறது, அதே பூ வேலைப்பாடு இன்றைக்கும் அதே மூலையில் இருக்கிறது. பெட்டி எவ்வளவு காலமாக எங்கள் குடும்பத்தில் இருக்கிறது என்பதற்கு வாய்ச்சொல் தவிர எங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். படத்தை ஸ்கேன் செய்து, மூலைத் தகட்டை இன்றைக்கு எடுத்த படத்தோடு சேர்த்து வைத்தேன். ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி வாசித்து ஒலிப்பதிவும் எடுத்தோம். எல்லாவற்றையும் மெயிலில் எனக்கே ஒரு முறையும், தங்கச்சிக்கு ஒரு முறையும் அனுப்பினேன். கடிதத்தைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே அலமாரியில் வைத்தால் இரண்டும் ஒரே தண்ணீரில் போகும்.

கிளை அலுவலகத்தில் இருந்தவர் முதலில், ஆர்மோனியம் எல்லாம் சாமானில் வந்துவிடும் சார், தனியாக எதற்கு என்றார். எனக்கு அந்த அனுபவம் ஏற்கெனவே ஆகிவிட்டது என்று சொல்லி, விலையுயர்ந்த பொருட்கள் பிரிவில் ஒப்புக்கொண்ட மதிப்பில் பெயர் சொல்லி எழுதித் தரச் சொல்லி எழுத்தில் கேட்டேன். ஒப்புக்கொண்ட மதிப்பு என்றால், பொருள் முழுக்கப் போய்விட்டால் அப்போது உட்கார்ந்து விலை பேசவேண்டியதில்லை, பாலிசியில் எழுதிய தொகைதான். இந்தப் பிரிவில் மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒரு பொருள் 1 லட்சத்துக்குள் இருந்தால் மதிப்புச் சான்றிதழ் கட்டாயமில்லை என்றே பாலிசியில் இருக்கிறது. எங்களுடையது 90,000, ஆகவே அவர்கள் கடிதம் கேட்கவில்லை. நான் கொடுத்தேன், வாங்கிக்கொண்டதற்குச் சீல் வைத்த நகலும் வாங்கினேன். தொகை எழுதியிருந்தாலும், தொலைந்தது அந்தத் தரத்துப் பொருள்தானா என்று கேட்கிற நாள் வரலாம். கூடுதல் பிரீமியம், நாங்கள் ஐந்து பேர் ஒருமுறை வெளியே போய்ச் சாப்பிடுகிற செலவுகூட வரவில்லை.

எது வராது என்பதையும் உட்கார்ந்து படித்தேன். இந்தப் பாலிசியில் திருட்டு என்றால் வெள்ளம், தீ மாதிரி ஏதாவது நடந்து அடுத்த ஏழு நாளுக்குள் நடந்த திருட்டுதான், மற்ற நாளில் பூட்டை உடைத்துத் தூக்கிப் போனால் அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும். வீட்டைவிட்டு வெளியே, வண்டியில், மேடையில் நடப்பதும் இதில் வராது, அடிக்கடி கச்சேரிக்குக் கொண்டுபோகிறவர்கள் ஆல் ரிஸ்க் என்ற வகையைக் கேட்கவேண்டும், வாசித்துச் சம்பளம் வாங்குகிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கரையான், எலி கடித்த துருத்தி, நம் ஊர்க் கடல்காற்றில் பித்தளை பச்சை பிடிப்பது, சுருதி இறங்குவது எல்லாம் நம் பாடு. வேறு வகைப் பாலிசிகளில் மதிப்பைக் குறைத்து எழுதினால் இன்னொரு அடியும் விழும், 1 லட்சம் பெறுகிற பொருளை 50,000க்கு எழுதியிருந்து 20,000க்குச் சேதம் வந்தால் பாதிதான், 10,000தான் தருவார்கள். உரிமை கோரி மறுத்துவிட்டால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார், அதிலும் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் அலுவலகம் சென்னையில், கட்டணம் கிடையாது.

இந்த வருஷம் புதுப்பிக்கிற தேதி வருவதற்கு முன்னால் சென்னைக்காரருக்கும் முதுநகருக்கும் போன் செய்து விலை கேட்டேன், ரீடு விலை ஏறியிருக்கிறது என்றார்கள். மதிப்பை 98,000 ஆக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை 1 லட்சத்தைத் தாண்டும், அப்போது சான்றிதழ் கட்டாயமாகிவிடும். முதுநகர்க்காரருக்கு முடிகிற காலத்திலேயே இன்னொரு முறை பெட்டியைத் திறந்து பார்த்து எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன், கார்த்திகை கழியட்டும் தம்பி என்றார். மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தைக் காலி செய்துவிட்டோம். செப்டம்பரிலேயே நாலு பேர் பிடித்துப் பெட்டியை மாடி அறைக்கு ஏற்றினோம், அம்மா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், திருப்பத்தில் ஒரு கால் சுவரில் இடித்துக் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது, பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.